அளவும் தூரமும்: டவர் வேண்டாம் என்று மனுக் கொடுக்கும் ஊர்மக்களுக்கு ஒரு திறந்த மடல்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரத்துத் தாய்மாருக்கும் பெரியவர்களுக்கும் இளைஞர்களுக்கும்:

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு வரும் மனுக்களோடு உங்கள் மனுவும் போகிறது. குடியிருப்புக்கு நடுவே செல்போன் டவர் வைக்கிறார்கள், தடுத்து நிறுத்துங்கள் என்பது கோரிக்கை. புற்றுநோய் வரும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது, பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும், சிட்டுக்குருவி அழிந்துவிடும், இடி இறங்கும் என்று காரணங்களை அடுக்கியிருப்பீர்கள். சில வீடுகளில் இந்தப் பயம் வாசலைத் தாண்டி உள்ளேயும் வந்துவிட்டது. வைஃபை பெட்டியை அணைத்துவிட்டுத்தான் குழந்தையைத் தூங்க வைக்கிறார்கள்.

உங்களைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. கேட்காமல் கொள்ளாமல் பக்கத்து மாடியில் இரும்புக் கம்பம் எழும்பும்போது, இது எங்களை என்ன செய்யும் என்று கேட்பது நியாயமான கேள்வி. அதை இன்னும் கூர்மையாகக் கேட்க உங்களால் முடியும் என்று சொல்லத்தான் இந்த மடல். அதற்கு வேண்டிய படிப்பு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பட்டாசு ஆபீசில் படித்த படிப்பு அது.

வெடிமருந்து ஆபத்தானது என்று சொல்லிவிட்டு நம் ஊரில் யாரும் அதோடு நிறுத்துவதில்லை. எவ்வளவு மருந்து, எத்தனை பேர், எவ்வளவு தூரம் என்றுதான் அடுத்த பேச்சு. ஒரு அறையில் 4 பேருக்கு மேல் உட்காரக் கூடாது. அறைக்கு அறை இடைவெளி வேண்டும். டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று நாம் பிரித்துப் பேசுவதே ஒரு ஆலை எவ்வளவு மருந்து வைத்துக்கொள்ளலாம் என்பதைப் பொறுத்துத்தான். ஆபத்து என்பது பொருளில் மட்டும் இல்லை, அளவிலும் தூரத்திலும் இருக்கிறது என்பது கரிசல்காட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் முன்பே அறிந்த பாடம். டவரையும் அதே கண்ணால் பாருங்கள்.

கதிர்வீச்சு என்றதும் நமக்குக் கூடங்குளம் நினைவுக்கு வருகிறது. அணு உலையிலும் எக்ஸ்ரே கருவியிலும் உள்ள கதிர், உடலின் அணுக்களிலிருந்து எலக்ட்ரானை உதிர்த்து, மரபணுவை உடைக்க வல்லது. செல்போனும் வைஃபையும் பயன்படுத்துவது ரேடியோ அலை. அதன் ஒரு துளி ஆற்றல், எலக்ட்ரானை உதிர்க்கத் தேவையான ஆற்றலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவே. ஐயம் திரிபு இல்லாமல் நிறுவப்பட்ட அதன் தீங்கு ஒன்றுதான்: மிக அதிக அளவில் பட்டால் உடல் திசு சூடாகும். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் வைஃபையும் ஏறத்தாழ ஒரே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. அடுப்பு, மூடிய பெட்டிக்குள் பல நூறு வாட் செலுத்துகிறது. வைஃபை பெட்டி வெளிவிடுவது 0.1 வாட் அளவில். ஒரே மருந்துதான். ஒன்று மூட்டை, மற்றது சிட்டிகை.

இந்தச் சிட்டிகையும் போகப் போகக் கரைகிறது. தூரம் இரண்டு மடங்கானால் அலையின் செறிவு கால்வாசியாகும். பத்து மடங்கானால் நூறில் ஒன்றாகும். வைஃபை பெட்டியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சதுர மீட்டருக்கு 0.01 வாட் அளவில்தான் மேலே படும். அந்த அலைவரிசைக்கு இந்திய அரசு வகுத்த வரம்பு 1 வாட். தொட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டியைச் சுவரின் மறுபக்கம் நகர்த்தினால் மனம் அமைதியாகும் என்றால் நகர்த்துங்கள், தவறில்லை. அணைத்துவிட்டுத் தூங்கினாலும் சரிதான். ஆனால் அணைக்காத அம்மாவைக் குற்றவாளி ஆக்க வேண்டாம்.

டவருக்கு வருவோம். உலகின் பல நாடுகள் பின்பற்றும் சர்வதேச வரம்பு, 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 4.5 வாட். 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா அதைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து 0.45 வாட் ஆக்கியது. இப்படிக் குறைத்ததற்குப் பின்னால் உங்களைப் போன்றவர்களின் குரலும் இருந்தது. மக்கள் கேட்டார்கள், அமைச்சகங்கள் கூடிக் குழு அமைத்தன, வரம்பு இறங்கியது. கேள்வி கேட்பதால் பயன் இல்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

தூரத்துக்கும் கணக்கு உண்டு. 2013-இல் தொலைத்தொடர்புத் துறை மாநில அரசுகளுக்கு அனுப்பிய வழிகாட்டுதலில், ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில் உள்ள கட்டடம் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று பட்டியல் இருக்கிறது. ஒரு ஆன்டெனா என்றால் 20 மீட்டர், 2 என்றால் 35, 4 என்றால் 45, 6 என்றால் 55. பட்டாசு ஆலையின் வரைபடத்தைப் பார்த்துப் பழகியவருக்கு இது புதிதாகத் தோன்றாது. 'நேர் எதிரே, அதே உயரத்தில்' என்ற சொற்களைக் கவனியுங்கள். ஆன்டெனா அலையைக் கிடைமட்டமாக, சற்றே கீழ்நோக்கி வெளியே வீசுகிறது. அதனால் டவருக்கு நேர் கீழே இருக்கும் வீட்டில் செறிவு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கவனிக்க வேண்டியது எதிர்வரிசையில் அதே உயரத்துக்கு எழும்பிய மாடி வீட்டை. மனுவில் கையெழுத்துப் போடுபவர் கீழ்வீட்டுக்காரர், போட வேண்டியவர் எதிர்மாடிக்காரர் என்று ஆகிவிடுகிறது பல ஊர்களில்.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று கேட்பீர்கள். உங்கள் துண்டறிக்கைகளில் தவறாமல் வரும் ஒரு வரி, 'செல்போன் அலை புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது' என்பது. அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே மாதம் ரேடியோ அலையை '2பி' பிரிவில் வைத்தது உண்மை. சான்று குறைவு, ஆனாலும் ஒதுக்கித் தள்ள முடியாது என்பவற்றுக்கான பட்டியல் அது. கற்றாழை இலை முழுச்சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. சான்று உறுதியான முதல் பிரிவில் புகையிலை, வெற்றிலை பாக்கு, காற்று மாசு, டீசல் புகை எல்லாம் இருக்கின்றன. டீசல் புகை அதில் ஏறியது 2012-இல். இப்போது டவரின் அடிவாரத்தைப் பாருங்கள். மின்சாரம் போனதும் உறுமும் ஜெனரேட்டர் அங்கே நின்றால், அது டீசலில் ஓடுவது. உச்சியில் இருப்பது சந்தேகப் பட்டியலில், காலடியில் இருப்பது உறுதிப் பட்டியலில். மனுக்களோ உச்சியைப் பற்றித்தான் பேசுகின்றன.

எலிச் சோதனையையும் மறைக்காமல் சொல்கிறேன். அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2018-இல் வெளியிட்ட முடிவுகளில், ஆண் எலிகளின் இதயத்தில் அரிதான ஒருவகைக் கட்டி கூடுதலாகத் தென்பட்டது. அந்த எலிகளுக்கு உடல் முழுவதும், நாளுக்கு 9 மணிநேரம், பொதுமக்களுக்கான வரம்பைப் போலப் பல மடங்கு அளவில் அலை செலுத்தினார்கள். அலை படாத ஆண் எலிகளைவிட அலை பட்டவை அதிக நாள் வாழ்ந்தன என்ற புதிரும் அதே ஆய்வில் இருக்கிறது. மனிதர்களிடம் பார்த்தால், உலக சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் 1994 முதல் 2022 வரையிலான 63 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய அறிக்கை 2024-இல் வந்தது. செல்போன் பயன்பாட்டுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை, பத்தாண்டுக்கு மேல் பேசியவர்களிடமும் தெரியவில்லை என்றது. விஞ்ஞானிகள் இதோடு கோப்பை மூடிவிடவில்லை. மறு ஆய்வு செய்ய வேண்டியவற்றின் முன்வரிசையில் ரேடியோ அலை இருக்கிறது. இன்றைய நிலையில் இவ்வளவுதான் நேர்மையாகச் சொல்ல முடியும்: நிரூபிக்கப்பட்ட தீங்கு இல்லை, தொடர்ந்து கண்காணிக்க வேண்டும்.

நீதிமன்றங்களிலும் இரண்டு திசையிலும் ஆணைகள் உண்டு. 2017-இல் குவாலியரைச் சேர்ந்த ஒரு வீட்டுப் பணியாளர், பக்கத்து மாடி டவரால் தனக்குப் புற்றுநோய் வந்ததாகச் சொல்ல, உச்ச நீதிமன்றம் அந்த டவரை நிறுத்த உத்தரவிட்டது. 2021 ஜூனில், 5ஜி-யை எதிர்த்து நடிகை ஜூஹி சாவ்லாவும் வேறு சிலரும் தொடுத்த வழக்கைத் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளியதோடு 20 லட்ச ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. அது பின்னர் 2 லட்சமாகக் குறைந்தது. உங்களுக்குப் பிடித்த தீர்ப்பை மட்டும் நகல் எடுத்து மனுவோடு இணைத்தால் எதிர்த்தரப்பு மற்றதை நீட்டும்.

சிட்டுக்குருவிக்கும் ஒரு வார்த்தை. 2018 நவம்பரில் வந்த '2.0' படத்தில் பறவைகளுக்காக உயிர்விட்ட பட்சிராஜன், செல்போன்களின் மீது பழிதீர்க்க வந்தார். திரையரங்கை விட்டு வந்தவர்கள் டவரை அண்ணாந்து பார்த்தார்கள். படம் வெளியாகும் முன்பே செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கை வாரியத்துக்குப் புகார் அனுப்பியிருந்தது. ஆனால் 2020-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நாடு முழுவதும் பார்த்தால் சிட்டுக்குருவி ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்கிறது. ஓட்டு வீட்டின் இடுக்கு போய்விட்டது. கம்பும் சோளமும் அடித்த களம் போய்விட்டது. குஞ்சுக்கு ஊட்டப் பூச்சி இல்லாமல் மருந்தடித்துவிட்டோம். குருவியைத் திரும்ப அழைக்க விரும்பினால் தொடங்க வேண்டிய இடம் நம் கூரையும் தோட்டமும்தான்.

இனி, டவர் வேண்டாம் என்பதன் மறுபக்கம். டவர் தொலைவில் இருந்தால் கைப்பேசி சும்மா இருப்பதில்லை. சிக்னல் நலிந்தால் அதை எட்டிப் பிடிக்கத் தன் சக்தியைக் கூட்டிக்கொள்கிறது. பழைய 2ஜி கைப்பேசி உச்சத்தில் 2 வாட் வரைக்கும், 4ஜி கைப்பேசி 0.2 வாட் வரைக்கும் போகும். அந்தச் சக்தி வெளிப்படும் இடம் தெருமுனை இல்லை, உங்கள் காதோரம். ஆகவே ஊருக்கு வெளியே டவரைத் துரத்திவிட்டால், ஒரு கோடு சிக்னலில் மணிக்கணக்காகப் பேசும் பிள்ளைக்கு அலை கூடுதலாகத்தான் படும். தூரப் பாடத்தின் தலைகீழ்க் கணக்கு இது. காதை ஒட்டிப் பேசாமல் ஸ்பீக்கரிலோ ஒயர் மாட்டியோ பேசச் சொல்வது டவர் எதிர்ப்பைவிட அதிகம் பலன் தரும். உங்கள் கைப்பேசியில் *#07# என்று அழுத்திப் பாருங்கள். அது உடலுக்குள் அதிகபட்சம் செலுத்தக்கூடிய அளவு திரையில் வரும். இந்தியாவில் ஒரு கிலோ திசுவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. நம் வட்டாரத்தில் சிக்னல் என்பது பேசிப் பொழுதுபோக்க மட்டும் இல்லை. காட்டுக்குள் இருக்கும் ஆலையில் அறை வெடித்துச் சிதறினால், முதலில் போகும் அழைப்பு தீயணைப்பு நிலையத்துக்கும் 108-க்கும்தான். தீக்காயம் பட்டவருக்கு ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. சிக்னல் தேடி மேட்டுக்கு ஓடும் நிலை நம் ஊர்களுக்கு ஆகாது.

அப்படியானால் மனுவே வேண்டாமா? வேண்டும். ஆனால் வேறு மாதிரி எழுதுங்கள். 'டவரை அகற்று' என்ற ஒற்றை வரிக்கு, 'வரம்புக்குள்தான் இருக்கிறது' என்ற ஒற்றை வரி பதில் வந்துவிடும். கேள்விகளாக எழுதினால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

இந்த டவரில் எத்தனை ஆன்டெனா, எந்தத் திசை, எதிர்மாடிக்கு எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். மத்திய அரசின் 'தரங் சஞ்சார்' தளத்தில் உங்கள் பகுதி டவர்களின் விவரத்தைப் பார்க்கலாம். 4,000 ரூபாய் கட்டினால் உங்கள் வீட்டருகே அலையின் அளவை அளந்து தரக் கோரலாம். ஒரு தெரு சேர்ந்தால் வீட்டுக்கு நூறு, இருநூறு ரூபாய். சுவரொட்டிக்கும் ஆட்டோ ஒலிபெருக்கிக்கும் செலவழிப்பதைவிட இது மலிவு. வரம்பை மீறியிருந்தால் உங்கள் கையில் ஆதாரம் இருக்கும். மீறவில்லை என்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

பழைய வீட்டின் மொட்டை மாடியில் ஏற்றும்போது கட்டடம் தாங்கும் என்ற பொறியாளர் சான்று எங்கே என்று கேளுங்கள். ஜெனரேட்டர் சத்தமும் புகையும் யார் ஜன்னலுக்கு நேரே போகிறது என்று கேளுங்கள். இடிக்கு டவர் காரணம் இல்லை. ஆனால் உயரமான இரும்பின் மேல் மின்னல் இறங்க வாய்ப்பு அதிகம். இறங்கினால் பத்திரமாக மண்ணுக்குப் போக எர்த்திங் சரியாக இருக்க வேண்டும். மின்னல் தாக்கிப் பட்டாசு அறைகள் வெடித்த கதை நமக்குத் தெரியும். அதனால் ஆலைக்கும் குடோனுக்கும் அருகே டவர் வருகிறது என்றால், எர்த்திங் சோதித்த தேதியைக் கேட்பதில் முழு நியாயம் இருக்கிறது.

ஆலைக்குள் செல்போன் கூடாது என்ற விதியை வைத்து, 'பார், அலை பட்டாலே மருந்து வெடிக்கும்' என்று ஒரு பேச்சு ஓடுகிறது. மின் தீமூட்டியைக் கம்பி வழியே வெடிக்க வைக்கும் குவாரியில், அருகிலுள்ள ரேடியோ கருவியின் அலையைக் கம்பியே ஆன்டெனா போல் பிடித்துவிடலாம். அதனால் அங்கே தூரக் கட்டுப்பாடு உண்டு. மருந்துப் பொடியை வெடிக்க வைப்பவை உராய்வு, அடி, நிலைமின்சாரம், சூடு, ஈரம் பட்டு மருந்துக்குள்ளேயே மூளும் வெப்பம். மருந்தறையில் கைப்பேசி வேண்டாம் என்பது பேட்டரி பொறிக்காகவும் கவனம் சிதறாமல் இருக்கவும் அவசியம். கேட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். தெருமுனை டவரால் அறை வெடிக்கும் என்று மட்டும் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏனென்றால் அந்தப் பேச்சு, விபத்துக்குப் பொறுப்பானவரைத் தப்ப விடும்.

இந்த மடலை எழுதத் தொடங்கியதே இதற்காகத்தான். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி பட்டாசு ஆலைத் தீயில் ஏறத்தாழ 40 உயிர்கள் போயின. தீயைப் பார்த்துக் காப்பாற்ற ஓடிய பக்கத்து ஊர்க்காரர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2024 மே மாதம் செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி. ஒவ்வொரு முறையும் விசாரணையில் அடிபடும் சொற்களை நீங்கள் மனப்பாடமாகச் சொல்வீர்கள்: உள்குத்தகை, அறையில் கூடுதல் ஆள், அனுமதித்ததைவிடக் கூடுதல் மருந்து, மரத்தடியில் வேலை, மீந்த மருந்தை மறுநாளுக்கு வைத்தது. அளவு மீறியது, தூரம் மீறியது, அவ்வளவுதான்.

வெடிக்காத நாளிலும் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. அலுமினியப் பொடியும் கந்தகமும் மூச்சில் போகின்றன. பேரியம் உப்புகளில் நீரில் கரைபவை உடலுக்குள் போனால் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைத்துத் தசையையும் இதயத்தையும் தாக்கும். பட்டாசில் பேரியத்தை உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை செய்ததற்குச் சுற்றுச்சூழல் காரணம் பேசப்பட்டது. அதைக் கையால் அள்ளிக் கலந்தவர்களின் நுரையீரலைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை. அலைக்கு நூறு வீடுகள் கையெழுத்துப் போட்டோம். வேலை முடிந்து வெள்ளி நிறக் கையோடு வீட்டுக்கு வந்து அதே கையால் பிள்ளையைத் தூக்கும் அக்காவுக்காக எத்தனை வீடுகள் கையெழுத்துப் போட்டோம்?

தயக்கத்தின் காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. டவர்க்காரர் வெளியூர் நிறுவனம். ஆலைக்காரர் ஊர்க்காரர், உறவுக்காரர், தீபாவளி முன்பணம் கொடுத்தவர். ஆலை மூடினால் அடுப்பு எரியாது. அதனால்தான் 'மூடு' என்று கேட்கச் சொல்லவில்லை. டவரிடம் கேட்ட அதே கேள்வியை ஆலையிடமும் கேளுங்கள் என்கிறேன். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு கடமையைச் சேர்த்தார்கள். ஆபத்தான தொழில் நடத்துபவர், அதன் தீங்கைத் தொழிலாளர்களுக்கு மட்டுமல்லாமல் சுற்றுவட்டார மக்களுக்கும் தெரிவித்தாக வேண்டும் என்பது அது. இப்போதைய தொழிலாளர் சட்டத்தொகுப்பிலும் அந்தக் கடமை தொடர்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது.

ஆகவே அடுத்த திங்கட்கிழமை மனுவுக்கு இரண்டு பக்கம் இருக்கட்டும். முதல் பக்கத்தில் டவரின் அளவும் தூரமும். இரண்டாம் பக்கத்தில், நம் ஊரைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஆலைக்கும் அனுமதித்த மருந்து எத்தனை கிலோ, அறைக்கு எத்தனை பேர், உரிமம் யார் பெயரில், வேலை நடத்துவது யார், கடைசிச் சோதனை எந்தத் தேதியில், மருந்தறைக் காற்றில் தூசியை எப்போதாவது அளந்தார்களா, தொழிலாளியின் மருத்துவச் சோதனைச் சீட்டு அவர் கைக்கு வந்ததா என்ற கேள்விகள்.

டவருக்கு 4,000 ரூபாய் கட்டினால் அளவு சொல்ல ஒரு அலுவலகம் இருக்கிறது. மருந்தறையின் அளவை ஊர்மக்கள் தெரிந்துகொள்ள எங்கே, எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஆட்சியரிடம் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்காமல் திரும்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் கரிசல்காட்டுக்காரன்